ஏழாம் நம்பர் குப்பி

டெல்லியில் இருக்கும் இத்தனை கோடி ஜனங்களில், கொசு கடித்தால் கோபப்படாமல், கொசுவை அடித்தால் கோபப்பட்ட ஒரே மனிதர் மச்சர் சார்தான். இந்தியில் மச்சர் என்றால் கொசு. அவருடைய சொந்தப் பெயர் என் நாட்குறிப்பில் ஒரே ஒரு முறை வருகிறது. அதன் பிறகு மூன்று வருடப் பக்கங்களிலும் அவர் மச்சர் சார்தான்.

மோதி பாக் பக்கம் ஓர் அரசுக் குடியிருப்பில் எங்கள் பிளாக். மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. எங்களுடையது ஏழாம் எண். கீழ்த்தளத்தில் மகள், மருமகனோடு மச்சர் சார் வந்து சேர்ந்தார். திருநெல்வேலிக்காரர். ஏதோ ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பது வருடம் கொசு பிடித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கொடுத்தது ஆபீஸ்தான். அவர் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை 6.40க்கு. எங்கள் ஹாலில், திரைச்சீலைக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யார் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று தெரியவில்லை. வாயில் ஒரு ரப்பர் குழாய். அதன் மறுமுனையில் கண்ணாடிக் குழாய். அதைச் சுவரோடு நகர்த்திக் கொண்டுபோய், ஓர் இடத்தில் நிறுத்தி, பாயசத்தின் கடைசி வாயை உறிஞ்சுவதுபோல ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

"அங்கிள் மச்சர் கா ரஹே ஹைன்!" என்று வாசலில் நின்ற மாடி வீட்டுச் சிறுமி அலறிக்கொண்டு ஓடினாள். அங்கிள் கொசு தின்கிறார் என்ற செய்தி நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டது.

"திங்கலவே. நடுவுல வலை வச்சிருக்கு. வாய்க்கு வராது" என்றார் அவர் என்னிடம், கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி. "பொட்டைக் கொசு. காலுல வெள்ளை வளையம் பாத்தீரா? பகல்ல கடிக்கிற சாதி. உம்ம வீட்டுல நல்லா இருக்கு."

பாராட்டா, புகாரா என்று எனக்குப் புரியவில்லை. அன்றைய பதிவில் 'பாராட்டு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

விஷயம் இதுதான். அவருக்குப் பின் அந்தக் கூடத்துக்கு வந்த ஓர் அம்மாள், டெங்குக் கிருமி மனிதர் உடம்பில் தெரிவதற்கு முன்பே கொசுவின் உடம்பில் கண்டுபிடிக்க முடியுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கொசு வேண்டும். எந்த வீட்டில் பிடித்தது என்றும் தெரிய வேண்டும். 'எங்க பிளாக்ல பிடிச்சுத் தாரேன்' என்று இவர் முந்திக்கொண்டார்.

"ஆசுபத்திரியில ஆளு படுத்த பொறவு புகை அடிக்க வாரானுவ. அது கலியாணம் முடிஞ்சு பந்தல் போடுத மாதிரி" என்பார். "கொசு கிட்டயே மொதல்ல கேட்டுட்டா என்ன?"

என் மனைவி வசந்தாவுக்கு இதில் ஒரு சந்தேகம். "கிருமி இருக்கிற கொசுவுக்குக் காய்ச்சல் அடிக்குமா சார்?"

"அதுக்கு ஒண்ணுஞ் செய்யாதும்மா. ஜோராப் பறக்கும். நமக்குத்தான் கேடு."

"இது என்ன நியாயம்?" என்று வசந்தா என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் கேள்வியை மட்டும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

ஒரு நாள் எதிர் வீட்டு மீனாட்சி அக்கா, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளத்தோடு வாங்கி வந்த புது மின்சார மட்டையால் ஒரு கொசுவைப் படீர் என்று பொரித்தார். மச்சர் சார் இழவு வீட்டில் நிற்பவர்போலத் தலையில் கை வைத்தார். "எரிச்சுப்புட்டீங்களேம்மா! இனி அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு யாரு கிட்டப் போய்க் கேக்க?"

"அது உள்ள எங்க ரத்தந்தாண்ணே இருந்துச்சு" என்றார் மதுரைக்கார மீனாட்சி அக்கா. "கேக்கணும்னா எங்கிட்டக் கேளுங்க."

பன்னிரண்டு வீட்டுக் கொசுவும் பன்னிரண்டு சிறு குப்பிகளில் அவருடைய மகளின் ஃபிரிட்ஜில், தோசை மாவுக்கும் கொத்தமல்லிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கிழிந்த காகிதம், அதில் ஒரு கிறுக்கல், மேலே ரப்பர் பேண்டு. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நான் இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன். அமைச்சகத்தில் என் பிரிவில் ஒரு கோப்பு தொலைந்தது கிடையாது. "சார், லேபிள் நான் எழுதி ஒட்டித் தருகிறேன்" என்று நானேதான் கேட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

முதலில் அவர் எந்த வரிசையில் வீடு வீடாகப் போனாரோ, அந்த வரிசையில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நாட்குறிப்பின் இடப்பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன். அவர் திறந்த கதவெல்லாம் நுழைகிறவர். மூன்றாம் மாடியில் தொடங்கி, முதல் மாடிக்குக் குதித்து, திரும்ப மேலே போயிருந்தார். கண்ணுக்கு உறுத்தியது. எனவே எதிர்ப்பக்கத்தில் வீட்டு எண் வரிசைப்படி இன்னொரு பட்டியல் போட்டேன். இரண்டும் நீல மை, இரண்டும் அடிக்கோடு. பிறகு குப்பிகளைத் துடைத்து, பழைய காகிதங்களைக் களைந்து, எண்களை ஒட்டினேன். குப்பிகள் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போயின.

நவராத்திரி வந்தது. வசந்தா கொலு வைத்தாள். எதிர் வீட்டிலும் கொலு. இரண்டிலும் பார்க், இரண்டிலும் தெப்பக்குளம். எங்களுடையது எவர்சில்வர் தாம்பாளம். அவர்களுடையது குழந்தை குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டி, வரப்போகும் பேரக்குழந்தைக்கு முன்பே வாங்கி வைத்தது. மீனாட்சி அக்காவின் மகள் மலர் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாவது மாதம். பகலெல்லாம் ஹாலில், கொலுவுக்குப் பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

கொலுவின் ஐந்தாம் நாள், காலை 9.15க்கு மச்சர் சார் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"போன் வந்துட்டு. ஒரே ஒரு குப்பியில கிருமி இருக்கு. ஏழாம் நம்பர். எந்த வீடுவே அது?"

நான் நிதானமாக நாட்குறிப்பை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்தேன். இடப்பக்கப் பட்டியலின்படி ஏழு என்றால் அவர் ஏழாவதாக நுழைந்த வீடு: மீனாட்சி அக்கா வீடு. வலப்பக்கப் பட்டியலின்படி ஏழு என்றால் வீட்டு எண் ஏழு: எங்கள் வீடு.

எந்தப் பட்டியலைப் பார்த்து ஒட்டினேன்? அன்றைய தேதியில் காபி ஆறிப்போனது எழுதியிருக்கிறேன். பசை காய எத்தனை நிமிடம் ஆனது என்பதும் இருக்கிறது. இதை மட்டும் எழுதவில்லை.

"எந்த வீடு?" என்று மறுபடி கேட்டார்.

"இரண்டில் ஒன்று" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் சொன்ன மிக மோசமான வாக்கியம் அது.

அதற்குள் இரண்டு கதவும் திறந்து, மாடிப்படி நடுவே சபை கூடிவிட்டது.

"ஏழாம் நம்பர் உங்க வீடுதானே? வாசல்லயே எழுதியிருக்கு. உங்க வீட்டுக் கொசுவ நீங்க பாத்துக்கோங்க" என்றார் மீனாட்சி அக்கா.

"எங்க வீட்டுக் கொசுவா? இவர் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஏர் கூலர் தண்ணிய வடிச்சு, நேரம் போட்டு எழுதி வச்சிருக்கார் அக்கா. எங்க வீட்டுல கொசுவே வராது" என்றாள் வசந்தா.

"அப்ப நாங்கதான் வளக்குறோமா?"

"நான் அப்படிச் சொல்லல. பட்டியல் சொல்லுது."

"எந்தப் பட்டியல்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பக்கத்தை இடமும் வலமுமாகப் புரட்டினேன். புரட்டுவதைத் தவிர அப்போது எனக்கு வேறு வேலை தெரியவில்லை.

மச்சர் சார் யாரையும் பார்க்கவில்லை. மலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து வந்து கதவுநிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"இந்த நெலமையில அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா ரெண்டு உசுரும்மா" என்றார் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான். "கொசு வாசல் நம்பரப் பாத்தா நுழையும்? இங்கன இருந்து அங்கன போக அதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்? ரெண்டு வீட்டையும் இன்னைக்கே பாக்கணும்."

"அம்மா, பஸ் கரோ, போதும்" என்றாள் மலர். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். "ஜகடா அப்புறம் போடுங்க. பஹ்லே எனக்கு மச்சர்தானி கட்டுங்க."

ஜகடா, அதாவது சண்டை, அதோடு நின்றது. மச்சர்தானி, அதாவது கொசுவலை, பத்தே நிமிடத்தில் ஹாலிலேயே கட்டப்பட்டது.

மச்சர் சார் டார்ச்சோடு இரண்டு வீட்டிலும் புகுந்தார். அரை நிமிடத்தில் பிளாஸ்டிக் தொட்டித் தெப்பக்குளத்தில் புழுக்கள் நெளிந்தன. வசந்தா நிமிர்ந்து நின்றாள். அடுத்த அரை நிமிடத்தில் எங்கள் கூலரிலும் நெளிந்தன.

"ஞாயிறுதோறும் வடிக்கிறேன் சார்" என்றேன். நாட்குறிப்பு என் கையில்தான் இருந்தது.

"வடிச்சீரு. தேச்சீரா?"

"தேய்ப்பதா?"

"முட்டை சுவத்துலல்லா ஒட்டியிருக்கும்? மாசக்கணக்கா காஞ்சு கெடக்கும். நீரு மறுபடி தண்ணி ஊத்துனதும் பொரிக்கும். வாராவாரம் நேரம் தவறாம அதுக்குத் தண்ணி காட்டியிருக்கீரு வே."

ஐந்து கோடைகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என் கண் முன்னே வரிசையாகப் போயின. ஒவ்வொன்றிலும் நேரம் சரியாக இருந்தது.

மச்சர் சார் இரண்டு வீட்டிலும் பொம்மைகளுக்குத் துணி போர்த்தி, மலரையும் வலையையும் மாடி வீட்டுக்கு அனுப்பி, கட்டிலுக்கு அடியிலும் திரைக்குப் பின்னாலும் மருந்து அடித்தார். நான் கூலரைத் தேய்த்தேன். தொடங்கியது 11.05, முடிந்தது 12.50. ஆனால் தெப்பக்குளத்தில் வந்து எல்லாம் நின்றது. "தண்ணியக் கொட்டு" என்றார் அவர். "வச்ச கொலுவை நடுவுல கலைக்கக் கூடாது" என்றார்கள் வசந்தாவும் மீனாட்சி அக்காவும், காலையிலிருந்து முதன்முறையாக ஒரே குரலில். பக்திக்கும் கிருமிக்கும் நடுவே எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நான் மறுபடியும் கூலரைத் தேய்க்கப் போனேன்.

மச்சர் சார் வெளியே போனார். முக்கால் மணியில் ஒரு பாலிதீன் பையோடு திரும்பினார். உள்ளே குட்டி குட்டியாக மீன்கள். "கலைக்க வேண்டாம். இதை விடுங்க. புழுவ இது பாத்துக்கிடும்."

பிளாஸ்டிக் அன்னங்கள் விலகி நின்றன. உயிருள்ள மீன்கள் கோயில் குளத்தில் நீந்தின. அந்த வருடம் காலனியே எங்கள் மாடிக்கு வந்தது. சுண்டலுக்கு வரவில்லை, மீனுக்கு வந்தது. எதிர் வீட்டில் அதைவிடப் பெரிய கூட்டம். அங்கே வலைக்குள்ளே மலர் கடைசிப் படி பொம்மைபோல உட்கார்ந்திருப்பாள். வந்தவர்கள் வலையைத் தூக்கக் கூடாது என்பது மச்சர் சாரின் உத்தரவு. வெற்றிலை பாக்கை வலைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்கள். ஒரு பஞ்சாபி அம்மாள் இது மதராசி வழக்கம் என்று நினைத்து, வலைக்கு முன்னால் கைகூப்பி, ஒரு மாதுளம்பழமும் வைத்துவிட்டுப் போனார்.

விஜயதசமி முடிந்த வாரம் மச்சர் சார் மறுபடி குழாயோடு ஏறினார். இந்த முறை நான் பக்கத்திலேயே நடந்து, ஒரே ஒரு பட்டியல் போட்டேன். பன்னிரண்டு குப்பியிலும் ஒன்றும் இல்லை என்று போன் வந்தது. அந்தப் பருவம் முழுவதும் எங்கள் பிளாக்கில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. டிசம்பரில் மலருக்குப் பெண் குழந்தை. மீனாட்சி அக்கா முதல் சர்க்கரையைக் கொண்டுபோய்க் கொடுத்தது கீழ் வீட்டில்தான்.

அவரால்தான் எல்லாம் நல்லபடி நடந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. நடக்காத ஒன்றுக்கு எப்படி ஆதாரம் காட்டுவது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

போன மே மாதம் அவருடைய மருமகனுக்கு விசாகப்பட்டினம் மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய காலை, நான் வெகுநாள் மனத்தை அரித்ததைக் கேட்டேன். "சார், என் லேபிளால் உங்கள் கணக்கே குழம்பிப்போனது. அந்த ஏழாம் நம்பர் எந்த வீடு என்று கடைசிவரை தெரியாமலே போய்விட்டது."

"எனக்குத் தெரியுமே" என்றார்.

"எப்படி?"

"குப்பிக்கு அடியில, கண்ணாடியில எழுதுத பென்சில்ல என் அடையாளம் போட்டிருப்பேன். முப்பது வருச பழக்கம். மேல என்ன லேபிள் வேணாலும் ஒட்டட்டும். மறுநாளே அந்தம்மா பாத்துச் சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் சார் சொல்லவில்லை?"

"மறுநாளே சொல்லியிருந்தா ஒரு வீடு தப்பிச்சோம்னு நிமிந்துக்கிடும், இன்னொரு வீடு தலை குனியும். பொறவு ரெண்டு கதவும் தொறந்து கெடக்குமா? மலரு வலைக்குள்ள நிம்மதியா இருந்திருக்குமா?" கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நீரு எல்லாத்தையும் எழுதுதவரு. இப்பச் சொல்லட்டா? எழுதிக்கிடுதீரா?"

நாட்குறிப்பு என் கையில்தான் இருந்தது. பேனாவும் இருந்தது.

"இப்போ வேண்டாம் சார். அடுத்த தடவை டெல்லி வரும்போது சொல்லுங்கள்" என்றேன்.

இரண்டு பட்டியலுக்கும் கீழே ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன். இருபத்தைந்து வருட நாட்குறிப்பில் வெறுமையாக இருக்கும் வரி அது ஒன்றுதான். அவர் வந்துதான் அதை நிரப்ப வேண்டும்.