நான் வைத்த தீ, அப்பா கொடுத்த புகார்

பேரன்புக்குரிய அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் சௌக்கியம். அவர் வழக்கம்போல ஊரார் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். காடும் சௌக்கியம், முப்பது ஏக்கர் நீங்கலாக. அதை நானே கொளுத்தினேன். அங்கே நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக, முக்கியமாக வருகிற ஞாயிற்றுக்கிழமை வேறு சோலி எதுவும் இல்லாமல், இருக்க வேண்டுகிறேன். ஏன் ஞாயிற்றுக்கிழமை என்பதைப் பொறுமையாகச் சொல்கிறேன், நீயும் உட்கார்ந்து படி.

இருபத்திரண்டு வருடமாக நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தீக்குள் பாய்வதாக அண்ணி பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். அது பழைய கதை. காட்டுத்தீ மேலாண்மைக்குத் தலைமை அதிகாரி ஆன பிறகு நான் பிடிப்பது பேனா. காலையில் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பேன், புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன், யாருக்கு லீவு கொடுக்கலாம் என்று பார்ப்பேன், பிறகு மீட்டிங்கில் உட்கார்ந்து இது மூன்றையும் பார்க்காதவர்களுக்கு விளக்குவேன். தீயை அணைப்பதைவிடத் தீ வைப்பதுதான் இப்போது என் பெரிய வேலை. சிரிக்காதே. கோடைக்கு முன்னால், காற்று சாந்தமாக இருக்கும் நாளில், காய்ந்த புல்லையும் சருகையும் நாங்களே கொஞ்சங்கொஞ்சமாக எரித்துவிட்டால், கோடையில் வருகிற பெருந்தீக்குத் தின்ன ஒன்றும் மிஞ்சாது. அப்படிப்பட்ட நாள் வருடத்துக்கு ஐந்தோ ஆறோதான் வாய்க்கும். பள்ளிக்கூடத்துக்கும் இருநூறு வீடுகளுக்கும் மேலே ஒரு சரிவு இருக்கிறதே, அதை எரிக்க மூன்று வருடமாகத் தவம் கிடந்தேன். முதல் வருடம் காற்று கெடுத்தது, இரண்டாம் வருடம் மழை, மூன்றாம் வருடம் ஒரு கையெழுத்து. போட மறந்தது நான்தான், அதை விடு.

இதற்கு நடுவில் நம் அப்பா. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவருக்கு இது நாலாவது மாதம். நாற்பது வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். வருவதையும் போவதையும் மணி போட்டு எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் தெருவில் பஸ் வராது. ஆகையால் புகையை எழுத ஆரம்பித்தார். மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஓய்வுபெற்றபோது சகாக்கள் கொடுத்த பைனாகுலர், கோடு போட்ட நோட்டு. நான் ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்த கட்டுப்பாட்டு அறை நம்பர் அவருக்கு இப்போது மனப்பாடம். இதுவரை நாற்பத்தேழு புகார். ஒன்று மூடுபனி, ஒன்று லாரிப் புழுதி, ஒன்று எதிர்வீட்டுக்காரர் வெந்நீர் போட்டது, ஒன்று, சத்தியமாகச் சொல்கிறேன், மேகம். தன் மகள்தான் அங்கே தலைமை அதிகாரி என்று மூச்சு விடமாட்டார். சிபாரிசில் வேலை நடக்கக்கூடாதாம். கட்டுப்பாட்டு அறைப் பெண் அவருக்கு 'மாடி சார்' என்று பெயர் வைத்திருக்கிறாள். மாடி சார் யார் வீட்டுச் சொத்து என்று நானும் வாயைத் திறக்கவில்லை. யார் புகார் கொடுத்தாலும், எத்தனையாவது தடவை கொடுத்தாலும், எரிவது நாங்களே வைத்த தீயாக இருந்தாலும், ஐந்து நிமிடத்தில் ஒரு வண்டி கிளம்பியாக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதியை எழுதி, லேமினேட் செய்து, சுவரில் மாட்டியது உன் தங்கை.

நேற்று அந்த நல்ல நாள் வாய்த்தது. இருநூறு வீட்டுக்கும் நோட்டீஸ், பள்ளிக்கூடத்துக்குக் கடிதம், ஆஸ்பத்திரிக்குக் கடிதம், எல்லாம் முதல் நாளே போய்விட்டன. அந்த இருநூறில் எங்கள் வீடு இல்லை. நானும் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு சரிவுக்கே வந்து நிற்பார். மூன்று வருட ஆசை என்பதால் முதல் தீயை நானே வைக்கிறேன் என்று மஞ்சள் சட்டை, ஹெல்மெட் மாட்டி, எண்ணெய் எரிந்தபடி சொட்டும் தகரக் குவளையோடு நடந்தேன். அதே நேரம் கட்டுப்பாட்டு அறை போனில் நடந்த பேச்சைப் பிறகு பதிவில் கேட்டேன்.

"ஹலோ, மாடியில இருந்து பேசுறேன். மணி பத்து இருபத்தாறு. ஒரு பொம்பளை காட்டுக்குத் தீ வெச்சுக்கிட்டுப் போறா. ஓடக்கூட இல்லைங்க, சாவகாசமா நடந்து போறா. என்ன தைரியம் பாருங்க!"

"சார், அது எங்க ஆளுங்கதான் சார். இன்னைக்குத் திட்டம் போட்டு எரிக்கிறோம்."

"அப்படித்தாம்மா சொல்லச் சொல்லியிருப்பாங்க. நீங்க எழுதிக்கிறீங்களா, இல்ல உங்க மேலதிகாரிகிட்ட நான் பேசட்டுமா?"

மேலதிகாரி கையில் தீயோடு போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பெண் விதிப்படி பக்கத்து நிலையத்து வண்டியை அனுப்பினாள். வண்டியின் தலைவர் போன வாரம் சேர்ந்தவர். போய்ப் பார்த்துவிட்டு வா என்றால் பார்க்கிற ரகமில்லை, செய்து முடிக்கிற ரகம். புகைக்கு அந்தப் பக்கமாக, என் கண்ணில் படாமல் வந்து, நாங்கள் அரும்பாடுபட்டு வைத்த தீயில் அரை கிலோமீட்டரைச் சொட்டச் சொட்ட நனைத்துவிட்டார். நான் மூச்சிரைக்க ஓடிப் போய்ச் சேர்ந்தபோது முகமெல்லாம் கரியோடு சல்யூட் அடித்து, "மேடம், ஒரு பொறிகூட விடல!" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது? "நல்ல வேலை" என்றேன். மத்தியானம் காற்று திரும்பிவிட்டது. பாதிச் சரிவு எரிந்தது, பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கும் பாதி அப்படியே நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது அண்ணா.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, அப்பா கேட்டார்: "ஒருத்தி தீ வெச்சாளேம்மா, பிடிச்சாங்களா?"

"பிடிச்சாச்சுப்பா."

"யாராம்?"

"நான்தான்."

"ஹெல்மெட் போட்டதுல அடையாளம் தெரியலம்மா" என்றார். பிறகு, "என்னால உன் வேலை கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். "பாதிச் சரிவு அப்படியே நிக்குதுப்பா" என்றேன். "இனிமே நான் போனைத் தொடமாட்டேம்மா" என்று சொல்லிவிட்டு பைனாகுலரைத் துடைத்து உறையில் போட்டார்.

எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல நாள் இன்னும் இரண்டோ மூன்றோதான் மிச்சம். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை காலை நீ வண்டியோடு வந்து அப்பாவை அழைத்துப் போ. உன் வீட்டு ஜன்னலில் பஸ் ஸ்டாண்டு தெரியும். அவருக்கும் பொழுது போகும், எனக்கும் காடு எரியும். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், உன் முழங்கால் வலிக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

உன் பாசமுள்ள,
தங்கை

பின்குறிப்பு: காலையில் எழுதிய இந்தக் கடிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு வேலைக்கு ஓடினேன். இன்றும் காற்று நன்றாக இருந்ததால் மிச்சப் பாதியைக் கொளுத்தினோம். எல்லோரும் தீயையே பார்த்துக்கொண்டு நின்றோம். பதினொன்று பதினேழுக்குக் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு போன். "மன்னிச்சுக்கோங்கம்மா, போன் பண்ணமாட்டேன்னு வீட்டுல சொல்லியிருக்கேன். ஆனா உங்க ஆளுங்க அத்தனை பேரும் மேலேயே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அவங்க முதுகுக்குப் பின்னால, ரோட்டைத் தாண்டி, பள்ளிக்கூடத்துச் சுவரோரமா புகை வருது." பொறி ஒன்று பறந்து போய் விழுந்திருக்கிறது, எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. நேற்றைய அதே வண்டி, அதே தலைவர், நாலு நிமிடத்தில் அணைத்துவிட்டார். அப்போது ஒரு பாய் அகலம்தான் எரிந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் முந்நூறு பிள்ளைகள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கட்டிக்கொண்டேன், "மணி சரியா எழுதிக்கிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நீ வருவதானால் சும்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. திங்கட்கிழமை அடுத்த சரிவு. அவர் மாடியில் இல்லாமல் நான் தீ வைப்பதாக இல்லை.