அழிக்காத விசை

சியூயுன் அழிக்கும் விசையை அழுத்தினாள். எழுத்து அழியவில்லை, பக்கத்தில் ^? என்று இரண்டு குறி முளைத்தது. எரிச்சலில் நாலு தரம் அழுத்தினாள். எட்டுக் குறி கூடியது.

பின்னால் மேலாளர் வெய் வந்து நின்றார்.

"என்னம்மா இது, எறும்பு ஊர்ந்த மாதிரி?"

"ஒண்ணுமில்ல சார். டெர்மினல், அதான் கட்டளை அடிக்கிற இந்த ஜன்னல், எப்படித் திறக்கணும்னு சர்வர்ல எல்லாருக்கும் பொதுவா ஒரு கோப்பு இருக்கு. அதுல ஒரு வரி மாத்தினாப் போதும்."

"ரெண்டு மணிக்கு ஒசாகாவுலேர்ந்து வாடிக்கையாளருங்க வராங்க. உன் ஏழு மாச வேலைய இந்தத் திரையிலதான் பாக்கப் போறாங்க."

"தெரியும் சார்."

மாற்றினாள். புது ஜன்னலில் எழுத்து ஒழுங்காக அழிந்தது. தேநீர் வாங்கிவந்து மறுபடி திறந்தால், ^?.

கோப்பில் அந்த வரி வேறு மாதிரி இருந்தது. அவசரத்தில் தான்தான் தப்பாக அடித்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு திருத்தினாள். கையோடு, எழுத்து மஞ்சளாகத் தெரியவும் ஒரு வரி சேர்த்தாள்.

அரை மணி கழித்துத் திறந்தபோது பின்னணி வெள்ளையாகியிருந்தது. வெள்ளையில் மஞ்சள். ஒன்றும் படிக்க முடியவில்லை. மூக்கு திரையில் இடிக்கக் குனிந்தாள்.

"வேற யாராவது தொட்டிருப்பாங்களா?" என்றார் வெய்.

"யாரு சார் தொடப்போறா? இந்த மாடியில நான் ஒருத்திதான் இதப் பாக்கறேன்."

பிறகு அவள் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். நிமிடத்துக்கு ஒருமுறை தன் அமைப்பையே கோப்பில் எழுதிவைக்க ஒரு குட்டி நிரல்.

"இப்ப பாருங்க சார்."

அழிந்தது. வெய் முகம் தெளிந்தது. இன்னொரு ஜன்னலைத் திறந்தாள். அழியவில்லை. அடுத்ததில் அழிந்தது. அதற்கடுத்ததில் ^?.

"ஒசாகாக்காரங்கள ஒண்ணுவிட்டு ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கச் சொல்லலாமா?"

மணி ஒன்றரை. சியூயுன் விசைப்பலகையைத் தள்ளிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லா மாடிக்கும் மதியச் சாப்பாடு கொடுக்கும் லுவோ அக்கா பெட்டிகளோடு வந்தாள். "ஆறிப்போவுது, சாப்பிடும்மா."

"வேண்டாம்க்கா. மனசே சரியில்ல."

"என்னடா இது இன்னிக்கு," என்று பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள் லுவோ அக்கா. "மூணாவது மாடியில பெங் தம்பியும் இப்படித்தான் சாப்பாட்டத் தள்ளிட்டாரு. ஏதோ கோப்பாம், அவரு சரிபண்ணி வைக்க வைக்க, எவனோ ஒருத்தன் காலையிலேர்ந்து கெடுத்துக்கிட்டே இருக்கானாம்."