நூற்றுப் பதினோராம் பக்கம்

மைக்கைக் கண்டதும் மூளையைக் கழற்றி வைத்துவிடும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அந்த வேலையைச் செய்தவன் என்பதால் கூடுதலாக எரியும்.

அப்போது ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை எனக்கு. சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வசந்தி, என்னைத்தான் கட்டிக்கொள்வேன் என்று தன் அப்பாவோடு மூன்று மாதம் சண்டை போட்டு ஜெயித்திருந்தாள். நிச்சயதார்த்தம் முடிந்து பத்து நாள். வாசகர் வட்டத்தில் மேல்நாட்டுத் தத்துவஞானி ஒருவரின் நூலைப் பற்றி நான் பேசப்போகிறேன் என்றதும், அப்பாவையும் அழைத்துவந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். (மொத்தமே மூன்று வரிசை.)

"இருப்பது பொருள் மட்டுமே. மனமும் பொருள்தான்," என்று முழங்கினேன். "முன்னால் நடந்ததே பின்னால் நடப்பதைத் தீர்மானிக்கிறது. நானாக முடிவெடுத்தேன் என்பதெல்லாம் பிரமை என்கிறார் ஞானி."

வசந்தி எழுந்தாள். "ஒரு சந்தேகங்க. மூணு மாசம் சரியா சாப்பிடாம சண்ட போட்டுகினு இருந்தேனே, அது நான் எடுத்த முடிவு இல்லியா?"

புத்தியுள்ளவன் இருமியாவது சமாளித்திருப்பான். நான் புன்னகைத்தேன், மடையன்.

"இல்லை. அது உங்கள் மூளையிலுள்ள ரசாயனத்தின் முடிவு."

அவள் அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "கேட்டுக்கினியாம்மா? அவரே சொல்லிட்டாரு. வா போலாம்."

வசந்தி மேடைக்கு வந்து, என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

நான்கு நாள் அவள் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கே போனேன். வாசலில் அவள் அப்பா, "யாரு வந்துகிறது? நீங்களா, பொருளா?" என்றார்.

வசந்தி புத்தகத்தை என் முன்னால் போட்டாள். "எத்தினி பக்கம் படிச்சீங்க?"

"நூத்திப் பத்து."

"அடுத்த பக்கத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா? இதுவரைக்கும் சொன்னது எதிராளிங்க வாதம், இனிமேதான் நான் அத மறுக்கப்போறேன்னு போட்டிருக்கு. அவர் மறுத்தத அவரே சொன்னாருன்னு ஊரக் கூட்டிப் பேசியிருக்கீங்க. அதுல என் முடிவையும் சேத்துக் கொன்னீங்க."

நான் புத்தகத்தை எடுத்து நூற்றுப் பதினோராம் பக்கத்தைப் புரட்டினேன். அப்படியேதான் போட்டிருந்தது.

"வர்ற ஞாயித்துக்கிழம அதே மைக்குல தப்புன்னு சொல்லுங்க. அப்புறந்தான் கல்யாணம். இதுவும் என் முடிவுதான்."

சொன்னேன். வாசகர் வட்டத் தலைவர் என் காதருகே குனிந்து, "போன வாரம் நீங்க என்ன பேசினீங்க?" என்று கேட்டார். அந்த ஆளை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

இப்போதெல்லாம் வீட்டில் நான் எதைப் பற்றி ஆத்திரமாகப் பேச ஆரம்பித்தாலும், என் மகள் தலையைக்கூடத் தூக்காமல், "எத்தினி பக்கம் படிச்சீங்கப்பா?" என்கிறாள். அதற்கு முதலில் சிரிப்பவர் மாமனார். அவர் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.