ஈரலைக் கழுவிய சாட்டு அண்ணே

தன் ஈரலை இவ்வளவு மதித்து, அதற்கு இவ்வளவு கொடுமையும் செய்த இன்னொரு மனிதரைப் பினாங்குத் தீவு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது.

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருந்த பட்டறையில் அவர் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தார். பெயிண்டுக்கு மலாயில் சாட். ஆகவே அவர் சாட்டு அண்ணே. சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும். முகமூடி உண்டு, கழுத்தில் தொங்கும். கால் மணிக்கு ஒருமுறை சிகரெட்டுக்காக வெளியே போகிறவர் எத்தனை தடவைதான் மாட்டிக் கழற்றுவார்?

மாலை ஆறானால் பக்கத்துக் கோப்பிக் கடையில் ஸ்டவுட். அதாவது கறுப்பு பீர்; எங்கள் ஊர்க் கோப்பிக் கடைகளில் அதுவும் கிடைக்கும். அதில் ஒரு பச்சை முட்டை.

“கார்ல பழைய சாட்டு இருந்தா தின்னர் போட்டுக் கரைச்சு எடுக்கிறோம். ஒடம்புல தின்னர் ஏறுனா எதப் போட்டு எடுக்கிறது தம்பி? ஸ்டவுட்டு லா.”

“யாருண்ணே சொன்னா?”

“நெறத்தப் பாரு. கறுப்பு. எவ்வளவு அழுக்கையும் தாங்கும்.”

முட்டை எதற்கு என்று கேட்டேன். ஈரலுக்குப் பாலிஷாம்.

ஒரு தைப்பூச விரதத்துக்கு ஸ்டவுட்டை நிறுத்தினார். மூன்றாம் நாள் தலைவலி, கைநடுக்கம். “பாத்தியா, கழுவாம விட்டா என்ன ஆவுதுன்னு” என்று பட்டறை முழுக்கக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு நடந்தார்.

ஒருநாள் கார்க் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் இளம்பெண், அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அங்கிள், ஈரல் ரொம்பக் கெட்டிருக்கு. மூணு மாசம் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. அப்பவும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிதான்.”

“நான் டெய்லி கழுவுறேனே டாக்டரம்மா.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கழுவும் முறையை விளக்கினேன். சிரிப்பை அடக்க அவருக்குச் சற்று நேரமானது.

“மது உள்ள வந்தா ஈரல் முதல்ல அதத்தான் கவனிக்கும். சிகரெட் விஷம், தின்னர் எல்லாம் காத்துக்கிட்டு ரத்தத்துல சுத்தும்.”

சாட்டு அண்ணே யோசித்தார். “டத்தோ பட்டம் வாங்குன பெரிய மனுசன் கார் வந்தா நாங்க மத்த காரயெல்லாம் அப்படியே போட்டுட்டு ஓடுவோமே, அந்த மாதிரி.”

“அதேதான்.”

“அப்ப சரி. காலைல சாட்டு, சாயங்காலம் ஸ்டவுட்டு. ரெண்டுக்கும் தனித்தனி நேரம்.”

“தினமும் குடிக்கிற ஈரல்ல ஒரு வகை என்சைம் பெருகிடும் அங்கிள். விஷத்த உடைக்கிற வேலைதான் அதுக்கு. ஆனா சிகரெட்ல இருக்கிற சில விஷத்த உடைக்கிறேன்னு கேன்சர் வர வைக்கிற பொருளா மாத்திடும். காலைல நீங்க சிகரெட் பத்த வைக்கும்போதும் அது உள்ளேயேதான் இருக்கும்.”

அவர் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப முட்டை?” என்றார் கடைசியில்.

“முட்டைமேல ஒரு தப்பும் இல்ல. அவிச்சுச் சாப்பிடுங்க.”

மறுநாளே நிறுத்தினார், சிகரெட்டையும் சேர்த்து. முகமூடி கழுத்திலிருந்து முகத்துக்கு ஏறியது. அதற்குப் பின்னாலிருந்து கிளம்பிய கோபம் ஜெலுத்தோங் சந்தைவரை கேட்டது. முதலாளி, வாடிக்கையாளர், கோப்பிக் கடைக்காரர், யாரும் தப்பவில்லை. அதிகம் வாங்கியவன் நான். “ஒன்ன யாரு என்னயத் தூக்கிட்டுப் போகச் சொன்னா? ரெண்டு நிமிஷம் ஒக்காந்துட்டு நானே எந்திரிச்சிருப்பேன்.”

மூன்று மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனை. கிளினிக் நாற்காலியில் என் சட்டைக் கையைப் பிடித்தவர், டாக்டர் படித்து முடிக்கும்வரை விடவில்லை. ஈரல் தேறிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும், மோட்டார் சைக்கிளை வெயிலில் நிறுத்தியதற்காகத் திட்டினார்.

இப்போது நான் தீவைவிட்டுக் கடலுக்கு அந்தப் பக்கம், நிபோங் திபாலில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் அவரிடமிருந்து போன் வருகிறது. ஏன் கூப்பிடவில்லை, ஏன் வரவில்லை என்று அரை மணி நேரம் திட்டு. ஸ்டவுட் பேச்சு வந்தால் இன்னும் கால் மணி கூடும்.

திட்டட்டும். இன்னும் முப்பது வருஷத்துக்குத் திட்டட்டும்.