பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மலை

வீடு கட்டியவர்களைப் பார்த்திருப்பீர்கள். கோயில் கட்டியவர்களைக்கூடப் பார்த்திருப்பீர்கள். நான் மலை கட்டியவள். அதுவும் திருவண்ணாமலையில், நிஜ மலை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. இதைவிடத் திமிர் ஒருத்திக்கு இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. கீழ்பென்னாத்தூரிலிருந்து சென்னைக்குப் போய் நகரத் திட்டமிடல் படித்துவிட்டு, ஓர் ஆலோசனைக் குழுவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். (எங்கள் தெருவில் இன்றுவரை நான் ஏதோ வீட்டுக்கு பிளான் போடுகிறவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.) அப்போது கிரிவலப் பாதையைச் சீரமைக்க ஒரு திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. பாதையோரக் கடைகளையெல்லாம் எடுத்து, நடை தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரே பெரிய கொட்டகைக்குள் வைத்துவிட வேண்டும் என்பது அதில் ஒரு யோசனை. பொதுமக்களிடம் கருத்துக் கேட்ட பிறகுதான் முடிவு. அந்தக் கருத்தைக் கேட்கிற வேலை என்னுடையது.

என் பெரியம்மாவுக்கு அடி அண்ணாமலையில் சுக்குக் காபிக் கடை. கடை என்றால் ஒரு மேசை, ஒரு ஸ்டவ், ஒரு அலுமினியப் பானை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடக்கிற வியாபாரத்தில்தான் பெரியப்பாவின் மருந்தும் அண்ணனின் பாலிடெக்னிக் படிப்பும் ஓடின. கொட்டகை வந்தால் பாதி மலையைச் சுற்றிப் போய்க் கடை போட வேண்டும். அங்கே இடம் கிடைக்குமா என்பதும் சந்தேகம்தான்.

"ஊரெல்லாம் விட்டுட்டு உன் படிப்பு எனக்குத்தான் மொதல்ல ஆப்பு வெக்குது" என்றாள் பெரியம்மா.

"கூட்டத்துல வந்து சொல்லு பெரிம்மா, மாத்திடுவாங்க."

"கிழிச்சாங்க!"

அவளைக் குறை சொல்ல முடியாது. ஏற்கெனவே இரண்டு கூட்டம் நடத்தியிருந்தேன். ஷாமியானா, நாற்காலி, மைக் எல்லாம் உண்டு. "தங்கள் மேலான கருத்துகளைத் தயங்காமல் தெரிவிக்கலாம்" என்று முழங்கினேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து டீ வருகிற திசையைப் பார்த்தோம். ஒரே ஒருவர் கையைத் தூக்கினார். மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கம்மா" என்றார்.

மூன்றாவது கூட்டம்தான் கடைசி. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து அதிகாரியே நேரில் வருவதாக இருந்தது. அன்றும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி முடித்துவிடுவார்கள். பெரியம்மாவின் பானை அடுப்பை விட்டு இறங்கிவிடும். எனக்கு இரண்டு நாளாகச் சோறே இறங்கவில்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (செய்யாமல் இருந்திருக்கலாம்.) தாளில் இருக்கிற வரைபடம் யாருக்கும் புரியவில்லை, அதனால்தான் பேச மாட்டேன் என்கிறார்கள், தரையிலேயே பெரிதாகச் செய்து காட்டிவிட்டால்? பாதையை ஒட்டி ஒரு பள்ளிக்கூட மைதானம் இருந்தது. அங்கே பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்ட ஒரு லோடு மணல் இறக்கி வைத்திருந்தார்கள். தலைமையாசிரியரிடம் கெஞ்சினேன். "சாயங்காலம் மண்ணு மண்ணா திரும்பி வந்துடணும்மா" என்று சொல்லிச் சம்மதித்தார்.

நாளும் நானே குறித்தேன். பௌர்ணமி. அதிலும் ஞாயிற்றுக்கிழமை. கடைக்காரர்கள் எல்லோரும் பாதையில்தானே இருப்பார்கள்!

விடிந்ததும் மணலை மலை மாதிரியே குவித்தேன். கோலமாவில் சுற்றிலும் பாதை போட்டேன். அஷ்ட லிங்கங்களுக்கு எட்டுக் கல். கொட்டகை வரப்போகிற இடத்தில் ஒரு செங்கல். உச்சி தெரியட்டும் என்று ஒரு சாமந்திப் பூ. (மணல் மலை, எட்டுக் கல், மேலே பூ. இதை வரைபடம் என்று நினைக்க ஒருவர் எவ்வளவு படித்திருக்க வேண்டும், யோசியுங்கள்.)

முதலில் ஒரு வேன் வந்து நின்றது. மஞ்சள் புடவை கட்டிய அம்மா ஒருவர் இறங்கினார்.

"இன்னாம்மா, புதுசா வெச்சிருக்கீங்களா?"

"இது சாமி இல்லீங்க, மாதிரி."

"அச்சு அசலா இருக்குதே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தார். பின்னாலேயே வேன் மொத்தமும் இறங்கிச் சுற்றியது. அதைப் பார்த்துப் பாதையில் போன கூட்டம் உள்ளே திரும்பியது.

நான் பதறிப்போய் மைக்கைப் பிடித்தேன். "பொதுமக்கள் கவனத்துக்கு! இது மலை இல்லீங்க! வெறும் மண்ணு! தயவுசெய்து யாரும் சுத்தாதீங்க!"

திருவண்ணாமலையில், பௌர்ணமியன்று, மைக்கில் சொல்கிற பேச்சா இது?

"யார்டி அவ? நாக்கு அழுகிடப் போவுது!" என்று ஒரு குரல். இன்னொருவர் கற்பூரமே ஏற்றிவிட்டார். ஒரு பெரியவர் என் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினார். குனிந்து பார்த்தேன். என் கை இரண்டும் கோலமாவால் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"ஐயா, இது விபூதி இல்லீங்க. கோலமாவு."

"எதுவா இருந்தா இன்னா? உன் கையால குடும்மா."

கொடுத்தேன். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. நகரத் திட்டமிடலில் முதல் வகுப்பில் தேறியவள், வரிசைக்குக் கோலமாவு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கூடினால் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாழைப்பழம், மோர், சுண்டல் என்று கூடையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், நான் சொல்லாமலே அவரவர் நிஜத்தில் கடை போடுகிற இடம் கோலமாவுப் பாதையில் எங்கே வருமோ அங்கேதான் உட்கார்ந்தார்கள். பெரியம்மா பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, கோலமாவில் அடி அண்ணாமலை வருகிற இடத்தில் இறக்கினாள். "சூடா சுக்குக் காபி!" என்று குரல் கொடுத்தாள். பாவி மகளே, நீயுமா?

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது.

அதிகாரி இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், கற்பூரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் வேலை போய்விட்டது என்று முடிவுகட்டி, வீட்டில் என்ன சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் மெல்லக் குனிந்து ஷூவைக் கழற்றினார். கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார்! ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன்.

செங்கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். "இது என்னம்மா?"

"கொட்டகை வரப்போற இடம் சார்."

"இங்க மட்டும் ஏன் ஒரு கடைகூட இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுற்றிலும் இருந்த அத்தனை வாயும் திறந்துகொண்டன.

"நடக்க ஆரம்பிக்கும்போதே எவன் சார் வாங்குவான்?"

"பாதி தூரம் வந்தாத்தான் சார் தாகம் ஜாஸ்தி!"

"காலு வலிச்சாத்தான் சார் எங்களுக்குச் சோறு!" இது பெரியம்மா.

மஞ்சள் புடவை அம்மாவும் விடவில்லை. "வழி பூரா பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் இல்ல சார். மொதல்ல அத எழுதுங்க!"

இரண்டு கூட்டமாக டீ குடித்துவிட்டுப் போன அதே ஜனங்கள்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் பெரியம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்து சுக்குக் காபி குடித்தார். "ஒரே கொட்டகை சரிப்படாது போல. அங்கங்க கொஞ்சம் கொஞ்சமா இடம் ஒதுக்கச் சொல்லி எழுதறேன்" என்றார். எழுதவும் செய்தார். அலைந்து திரிந்து சில வருஷம் ஆனாலும், அடி அண்ணாமலையில் பெரியம்மாவுக்குக் கடை கிடைத்தது. வழியில் பெண்களுக்குக் கழிப்பறையும் வந்தது.

ஆனால் அன்று சாயங்காலம் நான் பட்ட பாடு எந்த அறிக்கையிலும் இல்லை. தலைமையாசிரியர் வந்து பார்த்தால், மலை மேல் குங்குமம், பூ, சில்லறை. மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிவிட்டார். "சாமி மண்ணுல கக்கூஸ் கட்டச் சொல்றீங்களா? எனக்குப் புள்ள குட்டி இருக்குதுங்க."

"இன்னாம்மா இது? இந்த மண்ண இனிமே நான் இன்னா பண்றது?" என்றார் தலைமையாசிரியர்.

கழிப்பறைக்கு என் சம்பளத்தில் வேறு மணல் இறக்கிக் கொடுத்தேன். சாமி மணல் மைதானத்து மூலையிலேயே கிடந்தது. (பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் அதைச் சுற்றிவிட்டுப் போனார்களாம்.) பெரியம்மாவுக்குக் கடை வந்தபோது தலைமையாசிரியரே மாட்டுவண்டி பிடித்து மிச்ச மணலை அனுப்பிவைத்தார். அவருக்கு விட்டது சனி. அதைப் போட்டுத்தான் கடைக்குத் தளம் போட்டார்கள்.

இன்றைக்கும் என் வீட்டுக்காரரும் மகளும் அந்தக் கடைக்குள் செருப்போடு போகலாம். வருகிற போகிறவர் யாரும் போகலாம். நான் வாசலில் கால் வைத்தால் மட்டும் பெரியம்மா கரண்டியை நீட்டி மறிப்பாள்.

"ஏய், நீ செருப்பக் கழட்டிட்டு வாடி! உன் மலைய நீயே மதிக்கலன்னா வேற எவன் மதிப்பான்?"