கடைசி மூச்சு அண்ணன் சாகாத நாடகம்

எங்கள் விருத்தாசலத்தில் கடைசி மூச்சு அண்ணன் செத்த அளவுக்கு இன்னொருவர் செத்ததே கிடையாது. பிழைப்புக்கு செராமிக் கம்பெனியில் பொம்மைகளைச் சூளையில் அடுக்குவார். மற்றபடி அவர் வேலை எங்கள் நாடகக் குழுவில் சாவதுதான். ராஜாவோ ரவுடியோ, எந்த வேஷமானாலும், "தம்பி, இதுல நான் எப்ப சாவுறேன்?" என்று கேட்டுக்கொண்டுதான் வசனத்தையே வாங்குவார். கதை எழுதுகிறவன் நான் என்பதால் அவர் உயிர் என் கையில் இருந்தது.

லேசில் சாகவும் மாட்டார். கத்திக்குத்து வாங்கியபின் தண்ணீர் கேட்பார், மகளை ஆசீர்வதிப்பார், எல்லாரையும் மன்னிப்பார். ஒருமுறை வில்லன் பொறுமையிழந்து இன்னொரு குத்து விட்டான். அந்தக் குத்துக்கும் தனியாகச் செத்தார்.

வீட்டில்தான் தொல்லை. மேடையில் செத்தாலும் சாவு சாவுதான் என்பது அண்ணியின் கட்சி. நாடகம் முடிந்து வந்தால் வாசல் வழியாக விடமாட்டார். சாவு வீட்டுக்குப் போய்வந்தவரைப் போல, கொல்லையில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். மார்கழியானாலும் பச்சைத் தண்ணீர்தான். அண்ணி ஒரு நாடகத்தையும் வந்து பார்த்ததில்லை.

இந்தப் பொங்கலுக்கு மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "நிறைமாசப் புள்ளய வூட்ல வச்சிக்கிட்டு நீங்க அங்க போயி சாவுறதா? சத்தியம் பண்ணுங்க" என்று அண்ணி கையை நீட்டிவிட்டார். மகளுக்காக அண்ணனும் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் கொடுத்துவிட்டார். நான் பொங்கல் நாடகத்தின் கதையை மாற்றினேன். குத்துப்பட்டவர் "சின்ன காயம்தான்" என்று எழுந்துவிட வேண்டும்.

அண்ணி காவலுக்கு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். அண்ணன் குத்து வாங்கி விழுந்ததும் கூட்டம் வசதியாகச் சம்மணம் போட்டுக்கொண்டது. அவர் கண் செருகியது, கை தானாகத் தண்ணீர் கேட்டது. அண்ணி தொண்டையைக் கனைத்தார். அண்ணன் எழுந்து, "சின்ன காயம்தான்" என்றார். நிஜமாகவே அவருக்கு உயிர் போனது அப்போதுதான். கூட்டம் ஊளையிட்டது. அண்ணனுக்கு நடிப்பு மறந்துபோச்சு என்று மறுநாள் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் விமர்சனம் வந்தது.

பேரன் சுகமாகப் பிறந்தான். அவனைக் கொஞ்சுகிற நேரம் போக, அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். ஒருநாள் அண்ணியே என்னைத் தேடி வந்துவிட்டார்.

"தம்பி, அடுத்த நாடகத்துல அவர சாவ வுடுங்க."

"சத்தியம் பண்ணியிருக்காரே அண்ணி?"

"அது புள்ள பொறக்குற வரைக்கும்தான். இப்ப வூட்லதான் பொணமாட்டம் கெடக்குறாரு. பாக்க முடியல."

அடுத்த நாடகத்தில் தாராளமாக இரண்டு குத்து எழுதினேன். அண்ணன் பட்டினி கிடந்தவர் விருந்துக்கு உட்கார்ந்த மாதிரி ஆற அமரச் செத்தார். பாதிச் சாவிலேயே அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கோபமோ என்று எனக்குப் பயம். நாடகம் முடிந்ததும் துணைக்கு நானும் அண்ணனுடன் போனேன். வாசல் கதவு வழக்கம்போலச் சாத்தித்தான் இருந்தது. கொல்லைப் பக்கம் போனால், அண்டா நிறைய வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது.

இந்த மனுஷன் இன்னும் நூறு சாவு சாகவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.