காது மெஷினுக்கு சிக்னல் குடுத்த கதை

இன்னிக்கி எனக்கு ஒரே ஒரு வேலதாங்க. மாமனாரோட காது மெஷினுக்குப் போன்லயே சத்தம் செட் பண்ணணும்.

எங்கியும் போவ வேணாம். மெஷின் வித்த கம்பெனியிலேருந்து ஒரு மேடம் வீடியோ கால்ல வருவாங்க. அங்கேருந்தே ஏத்துவாங்க, எறக்குவாங்க. நான் போனைப் பிடிச்சிக்கினு நின்னா போதும்.

நிக்கறது எனக்கு நல்லா வரும். பேசறதுதான் வராது. கல்யாணமாயி வந்ததுலேருந்து மாமனார்கிட்ட நான் பேசினது "காப்பி மாமா", "சாப்பாடு மாமா", அவ்ளோதான். புது ஆளுங்கன்னா அதுவும் இல்ல.

மாமியார் குள்ளஞ்சாவடியில தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டாங்க. என் பொண்ணு பாப்பா உள்ள தூங்கறா. எங்க வூட்டுக்காரர் மொத ஷிப்ட்டு. கெளம்பும்போதே மிரட்டிட்டுப் போனாரு.

"ட்ரையல் இன்னியோட முடியுது. இன்னிக்கும் சரியா வரலன்னா திருப்பி அனுப்பிடுன்னுட்டாரு அப்பா. மெஷின் இல்லன்னா அவருக்கு சைக்கிளும் கெடையாது. பாத்துக்கோ!"

போன மாசம் பின்னாடி மைன்ஸ் கம்பெனி பஸ் ஆரன் மேல ஆரன் அடிச்சிருக்கு. மாமனாரு பாட்டுக்கு நடு ரோட்டுல ஜாலியா மிதிச்சிக்கினு போயிருக்காரு. அன்னிலேருந்து சைக்கிளுக்குப் பூட்டு. மனுசன் சரியா சாப்பிடறதே இல்ல.

இன்னொண்ணு சொல்லணும். மாமனார் மைன்ஸ்ல கிரேனுக்கு சிக்னல் குடுத்தவரு. அங்க இருக்கற எரைச்சல்ல வாய்ப்பேச்சு எடுபடாது, எல்லாம் கைதான். ரிட்டையர் ஆயும் அந்தக் கை அடங்கல. சோறு போதும்னா உள்ளங்கையைக் கீழ பாத்த மாதிரி நீட்டி அப்படியும் இப்படியும் வீசுவாரு. நான் கரண்டியை நிறுத்திடுவேன்.

மேடம் வந்தாங்க. "அப்பா, சத்தம் எப்படி இருக்கு? கையால காட்டினாக்கூடப் போதும்!"

மாமனார் கட்டை விரலைத் தூக்கினாரு.

"சூப்பர்! நல்லா இருக்காம்!"

மாமனார் மூஞ்சி சுருங்கிச்சு. விரலை இன்னும் மேல தூக்கினாரு.

"ரொம்ப சந்தோஷமா இருக்காரு போல!"

நானும் சிரிச்சிக்கினே பதிலுக்குக் கட்டை விரலைத் தூக்கினேன். அவரு என்னை மொறைச்சாரு. அப்பறம் ஆள்காட்டி விரலை மேல தூக்கி வட்டமா சுத்தினாரு. சுத்திக்கினே இருந்தாரு.

மேடம் பதறிட்டாங்க. "ஐயோ, தலை சுத்துதா அவருக்கு? தண்ணி குடுங்கம்மா!"

ஓடிப்போயி சொம்புல தண்ணி கொண்டாந்தேன். அவரு சொம்பைத் தள்ளிட்டு வாயைத் தெறந்தாரு.

"ஏத்துன்னா தண்ணி குடுக்கறா! கேக்கலம்மா, ஏத்து!"

ரெண்டு சிக்னலுக்கும் அர்த்தம் ஒண்ணுதானாம். மேல தூக்கு!

"ஓ! ஏத்திடறேன்ப்பா"ன்னு மேடம் ஏத்தினாங்க பாருங்க, அவரு நாற்காலியில துள்ளிட்டாரு. காதுல எரைச்சல் ரொம்பினதும் மனுசன் மைன்ஸுக்கே போயிட்டாரு. வாய் மூடிக்கிச்சு, கை எழும்பிடுச்சு. உள்ளங்கையை நீட்டி அப்படியும் இப்படியும் வீசறாரு.

"இன்னும் கேக்கலையா? சரி, இன்னும் கொஞ்சம்."

எனக்குத் தெரியும். அது சோறு போதும்ங்கற கை! சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, வெக்கத்துல அப்படியே முழுங்கிட்டேன். படிச்ச மேடம், அவங்களுக்குத் தெரியாதான்னு வேற ஒரு நெனப்பு.

இப்ப ரெண்டு கையையும் வீசறாரு. ஈ ஓட்டற மாதிரி இல்ல, ரயிலை நிறுத்தற மாதிரி!

"சுத்தமாவே கேக்கலையா? அப்ப ஃபுல்லா வச்சிப் பாக்கலாம்."

அந்த நேரம் பாத்து என் குக்கர் விசில் அடிச்சிது. மாமனார் "ஆ"ன்னு எழுந்து நின்னுட்டாரு!

எங்கேருந்துதான் வந்துச்சோ எனக்கு அந்தத் தொண்டை.

"மேடம்! நிறுத்துங்க! அது கேக்கலன்னு இல்ல, போதும்னு அர்த்தம்! எறக்குங்க, எறக்குங்க!"

எதிர் வூட்டு அக்கா கரண்டியோட ஓடியாந்துட்டாங்க. "யாருடி கத்தனது? உங்க மாமியார் வந்துட்டாங்களா?"

"நான்தாங்க்கா."

"நீயா!" அக்கா வாசப்படியிலயே ஒக்காந்துட்டாங்க. எழுந்து போவற மாதிரி தெரியல.

அதுக்கப்பறம் எனக்குதான் வேல. மாமனார் கையைக் காட்டுவாரு, நான் சொல்லுவேன். "ஏத்துங்க மேடம். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஐயோ, எறக்குங்க! ஆங், அப்படியே நிறுத்துங்க!" எங்க வூட்டுக் கூடத்துல ஒரு கிரேனே ஓடுச்சுங்க.

திடீர்னு மாமனார் தலையைத் திருப்பினாரு. "உள்ள பாப்பா முழிச்சிக்கினா பாரு."

எனக்கு ஒண்ணும் கேக்கல. போயிப் பாத்தா, பாப்பா எழுந்து ஒக்காந்து போர்வைகிட்ட மெதுவாப் பேசிக்கினு இருக்கா! எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அக்காவுக்கும்தான். மேடம் அங்கேருந்து கை தட்டினாங்க.

சாயங்காலம் மாமியாரும் வந்துட்டாங்க. விரல் கூத்தையெல்லாம் ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டேன். எங்க வூட்டுக்காரர் கேட்டாரு. "என்னப்பா, மெஷினை வச்சிக்கலாமா? திருப்பி அனுப்பிடலாமா?"

மாமனார் கட்டை விரலைத் தூக்கினாரு.

நாங்க மூணு பேரும் ஒரே நேரத்துல கத்தினோம். "வாயால சொல்லுங்க!"

அவரு ரெண்டு காதையும் பொத்திக்கினாரு. "வச்சிக்கலாம். அதுக்கு எதுக்கு இப்படிக் கத்தறீங்க? எனக்கென்ன காதா கேக்கல?"